கடைசியாகக் கை வைத்தவர்

பெத்தணசாமி அறுபத்தோரு வயதில் சிஷ்யனாகச் சேர்ந்தார். குருவுக்கு வயது முப்பத்தெட்டு.

ஊர் சிரிக்கத்தான் செய்தது. முப்பது வருஷம் மலையில் ஜீப் ஓட்டின மனுஷன், பேத்தி எடுத்த பிறகு ஸ்பேனர் பிடிக்கப் படிக்கிறாராம் என்றார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். பெற்ற மகனை வாரிக் கொடுத்தவனுக்கு ஊர்ச் சிரிப்பெல்லாம் ஒரு பொருட்டா?

குருவின் பெயர் அபுதாகிர். போடியில் பட்டறை வைத்திருந்தார். மலை ஏறுகிற ஜீப் எதுவானாலும் ஒரு தடவையாவது அவர் கைக்கு வந்துவிட்டுத்தான் போகும். ஆள் அதிகம் பேசமாட்டார். வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினதும் எல்லாரிடமும் ஒரே கேள்விதான் கேட்பார்.

"கடைசியா இதுல கை வச்சது யாரு?"

அதற்குப் பதில் வந்த பிறகுதான் பானட்டைத் திறப்பார். மழுப்புகிறவன் வண்டியைத் தொடவே மாட்டார். டிரைவர்கள் இதைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்வார்கள். சொந்தக் கல்யாணத்தில் பிரியாணிக்கு உப்பு கூடினபோதுகூட அபுதாகிர் மேஸ்திரி இதைத்தான் கேட்டாராம் என்பார்கள்.

பெத்தணசாமி போன நேரம் அபுதாகிர் ஒரு ஜீப்புக்கு அடியில் படுத்துக் கிடந்தார். கால் மட்டும் வெளியே தெரிந்தது.

"மேஸ்திரி, ஒரு வண்டி கிடக்கு. மூணு வருஷமாக் கிடக்கு. அதைப் பார்க்கணும்."

"ஓட்டவா, விக்கவா?"

"ரெண்டுக்கும் இல்ல."

உள்ளே சுத்தியல் சத்தம் நின்றது. அபுதாகிர் வெளியே வந்தார்.

"எம் மகன் அந்த வண்டியிலதான் செத்தான்," என்றார் பெத்தணசாமி. "அவன் தப்புல செத்தானா, வண்டி தப்புல செத்தானான்னு எனக்குத் தெரியணும் மேஸ்திரி."

"கடைசியா அதுல கை வச்சது யாரு?"

"நான்தான். அதுக்கு முந்துன வாரந்தான் பிரேக்கு பூராம் கழட்டிப் புதுச் சாமான் போட்டேன். வீட்டுல வச்சு நானே பார்த்தேன். அதுல ஒரு குத்தம் சொல்ல முடியாது. அதை விட்டுட்டு மத்ததைப் பாருங்க."

அபுதாகிர் கரித்துணியில் கையைத் துடைத்துக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்தார்.

"நான் பார்க்க மாட்டேண்ணே. நீங்க பாருங்க. எப்பிடிப் பார்க்கணும்னு சொல்லித் தர்றேன்."

"நானா? இந்த வயசுலயா?"

"வண்டி உங்க வீட்டுலயே நிக்கட்டும். வெள்ளிக்கிழமை தொழுகை முடிச்சிட்டு வர்றேன்."

அதோடு மறுபடி ஜீப்புக்கு அடியில் போய்விட்டார்.

நடந்தது என்னவென்று சொல்லிவிடுகிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஐப்பசி மாதம், ஒரு காலை. பெத்தணசாமியின் மகன் செல்வேந்திரன் ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போனான். அவர்களை இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பினான். இறக்கத்தில் ஒரு வளைவில் வண்டி வளையவில்லை, நேரே போய்விட்டது. கீழே பாறையில் மோதிக் கிடந்தது. அவனைத் தூக்கிக்கொண்டு வரும்போதே உயிர் இல்லை.

இரண்டு நாள் கழித்து அதிகாரி ஒருவர் வந்து வண்டியைச் சோதித்தார். பிரேக்கை மிதித்துப் பார்த்தார். மிதி கல்லுப் போல நின்றது. பிரேக் சரியாக இருக்கிறது, ஓட்டினவரின் கவனக்குறைவு என்று எழுதிவிட்டுப் போனார். அவரைக் குறை சொல்ல முடியாது. காலுக்குத் தட்டுப்பட்டதைத்தான் அவர் எழுதினார்.

கவனம் ஏன் குறைந்தது? அங்கேதான் ஊர் வாயைத் திறந்தது. அன்று காலையில் அவனுக்கும் அவன் பெண்டாட்டி லோகமணிக்கும் சண்டை. கொழுந்தியாள் வளைகாப்புக்குப் போவதா வேண்டாமா என்று ஒன்றுமில்லாத சண்டை. வண்டியைக் கிளப்பினவனைப் பார்த்து, "போ! அப்பிடியே போயிரு! திரும்பி வராத!" என்று தெருவே கேட்கக் கத்திவிட்டாள். எந்த வீட்டில் எந்தப் பெண்டாட்டி இதைச் சொல்லவில்லை? ஆனால் அவன் திரும்பி வரவில்லையே.

வாய் முகூர்த்தம் பலித்துவிட்டது என்றார்கள்.

அந்தப் பேச்சை முதலில் எடுத்தது ஊர் இல்லை, பெத்தணசாமிதான். பிணத்தை நடுவீட்டில் போட்டிருந்தபோது, அத்தனை சனத்துக்கும் முன்னால், "ஒன் வாய்தாண்டி எம் புள்ளையக் கொன்னுச்சு" என்றார். லோகமணி அழுகையை நிறுத்திவிட்டாள். எதிர்த்து ஒரு சொல் சொல்லவில்லை.

அதிலிருந்து மூன்று வருஷமாக அவள் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. மகளைக் கூப்பிடுவது என்றாலும் பக்கத்தில் போய்த் தொட்டுத்தான் கூப்பிடுவாள். பிறந்த வீட்டிலிருந்து வந்து அழைத்தார்கள், போகவில்லை. வீடு அவளுக்கு அவள் அப்பா கட்டிக் கொடுத்தது. பெத்தணசாமிக்குப் பெண்டாட்டி போய்ப் பத்து வருஷம் ஆகிறது, வேறு பிள்ளையும் கிடையாது. லோகமணி போட்டால் சோறு, விரித்தால் பாய். "சாப்பிடுங்க மாமா" என்று தட்டை வைப்பாள். அதற்கு மேல் பேச்சு இருக்காது.

இப்படியே காலம் போயிருக்கும். பேத்தி ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து அவர் மடியில் உட்கார்ந்து கேட்டாள்.

"தாத்தா, வாயால ஆளைக் கொல்ல முடியுமா?"

"யாரு சொன்னா?"

"எங்க கிளாஸ்ல சொல்றாங்க. அம்மாதான் அப்பாவை வாயாலயே கொன்னுச்சாம்."

மறுநாள் காலையில்தான் அபுதாகிர் பட்டறைக்குப் போனார்.

வெள்ளிக்கிழமை அபுதாகிர் வந்தார். ஜீப் வீட்டுக்குப் பின்பக்கம் தார்ப்பாய்க்கு அடியில் நின்றது. அது அங்கே வந்த நாளிலிருந்து லோகமணி பின்பக்கம் வருவதில்லை. துணி காயப்போடுகிற கொடியையும் முன்வாசலுக்கு மாற்றிக்கொண்டாள்.

பெத்தணசாமி சாமான்களை எல்லாம் வரிசையாக எடுத்து வைத்திருந்தார். நடுவில் ஓர் அண்டா நிறைய டீசல்.

"இது எதுக்குண்ணே?"

"கழுவுறதுக்கு. ஒரு தூசி தும்பு இருக்கக் கூடாது எனக்கு. எந்தச் சாமானா இருந்தாலும் டீசல்ல ஒரு நாள் ஊறப் போட்டுக் கழுவித்தான் மாட்டுவேன். கடைல வாங்குன புதுச் சாமானையும் விடமாட்டேன்," என்றார் பெத்தணசாமி. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைதான்.

அபுதாகிர் அந்த அண்டாவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஒரு கல்லை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எங்க இருந்து ஆரம்பிக்கட்டும் மேஸ்திரி?"

"கடைசியாக் கை வச்ச இடத்துல இருந்து."

"பிரேக்கா? அதான் சொன்னேன்ல. அதிகாரியே சரின்னு எழுதிட்டாரு."

"சரி. உங்களுக்கு எங்க தோணுதோ அங்க இருந்து ஆரம்பிங்க."

பெத்தணசாமி ஸ்டியரிங்கில் ஆரம்பித்தார். ஸ்டியரிங் கழன்றிருந்தால் வண்டி வளையாதுதானே. ஒவ்வொரு நட்டாகக் கழற்றினார். துருப்பிடித்த நட்டுக்கு எண்ணெய் விட்டுக் காத்திருக்கச் சொன்னார் அபுதாகிர். அடிக்க விடவில்லை. ஒரு நட்டுக்கு ஒரு வாரம் போனது. கடைசியில் உள்ளே பார்த்தால், பல்லெல்லாம் நன்றாக இருந்தது.

"ஸ்டியரிங்ல தப்பில்ல," என்றார் பெத்தணசாமி.

"நல்ல சேதிதானே. மூஞ்சி ஏன் வாடுது?"

அவர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அடுத்த இடத்துக்கு நகர்ந்தார்.

அடுத்து முன் அச்சு. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி அது. முன் சக்கரத்துக்கு விசை கொண்டுபோகிற ஜாயிண்ட் இறுகியிருந்தால் வண்டி திரும்ப மறுக்கும் என்று அவருக்கு ஒரு நினைப்பு. ஃபோர் வீல் போடுகிற கம்பி துருவில் ஒட்டிக்கிடந்தது. பத்து நாள் எண்ணெய் விட்டு ஆட்டி ஆட்டி அதை எடுத்தார். ஜாயிண்டைக் கழற்றினார். கையில் வைத்துச் சுற்றினால் பம்பரமாகச் சுற்றியது.

அடுத்த வெள்ளிக்கிழமை அபுதாகிர் உள்ளே நுழையும்போதே பெத்தணசாமி ஓடி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"கிடைச்சிருச்சு மேஸ்திரி! முன்பக்க ஸ்பிரிங் பட்டை ரெண்டாப் பிளந்து கிடக்கு! பட்டை உடைஞ்சா வண்டி ஒரு பக்கம் இழுத்துருமா இல்லையா? நீங்களே சொல்லுங்க!"

"இழுக்கும்."

"நான்தான் சொன்னேன்ல! வண்டி தப்புதான்! இருங்க, மருமகளைக் கூப்பிடுறேன்."

"கொஞ்சம் பொறுங்க."

அபுதாகிர் குனிந்து, உடைந்த இடத்துக்கு மேலே விரலை வைத்தார். பெத்தணசாமியின் விரலையும் பிடித்து அங்கே வைத்தார். இரும்பில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பள்ளம் இருந்தது.

"இது என்னண்ணே?"

பெத்தணசாமி தடவிப் பார்த்தார். ரொம்ப நேரம் தடவினார்.

"பாறை குத்துன பள்ளம்."

"அப்ப பட்டை எப்ப உடைஞ்சிருக்கும்?"

"விழுந்த பின்னால."

சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை. அன்றைக்கு அவர் மேற்கொண்டு வேலை பார்க்கவில்லை. சேகரம் பண்ணி வைத்த நம்பிக்கை ஒரு நொடியில் போய்விட்டால் யாருக்குத்தான் கை ஓடும்?

சித்திரை போய் வைகாசி வந்தது. இன்ஜினுக்கு வந்தார்கள். எத்தனை தடவை ஸ்டார்ட் அடித்தும் கிளம்பவில்லை. ஒரு வியாழக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஃபில்டரை மாற்றினார், டீசல் குழாயை மாற்றினார், பேட்டரி வயரையும் மாற்றினார். மறுநாள் குரு வரும்போது சாவியைத் திருப்பிக் காட்டினார். புகை கக்கிக்கொண்டு இன்ஜின் பிடித்துக்கொண்டது.

"எதனால கிளம்புச்சு?"

"மூணையும் மாத்துனேன் மேஸ்திரி."

"மூணுல எது?"

"எதுவோ ஒண்ணு. அதான் ஓடுதுல்ல?"

"பழையதையே திரும்ப மாட்டுங்க. ஒண்ணொண்ணா மாத்துங்க."

"அட, ஓடுற வண்டியை ஏன் கெடுக்கணும்கிறேன்?"

"ஓட வைக்கவா என்னையக் கூப்பிட்டீங்க?"

பெத்தணசாமி முணுமுணுத்துக்கொண்டே மூன்றையும் கழற்றினார். ஒரு வாரம் கழித்து விடை கிடைத்தது. டீசல் குழாயில் ஊசி முனை அளவு ஓட்டை, அது வழியாகக் காற்று இழுத்திருக்கிறது. அவரே கண்டுபிடித்தார். அன்றைக்குச் சாவியைத் திருப்பியபோது இன்ஜின் சீராக, பழைய சத்தத்தில் ஓடியது. கிழவருக்குக் கண் கலங்கிவிட்டது.

பின்கதவு திறந்தது. மூன்று வருஷத்தில் முதல் தடவையாக லோகமணி அந்தப் பக்கம் வந்தாள். கையில் மாவு ஒட்டியிருந்தது. ஜீப்பைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மாமா. நிறுத்துங்க."

அவர் நிறுத்தினார்.

"இந்தச் சத்தம் கேட்டதும் வாசலுக்குப் போயிட்டேன் மாமா. கால் தன்னால போயிருச்சு. கதவைத் திறந்துட்டு நின்னுக்கிட்டு இருக்கேன்."

அவ்வளவுதான் சொன்னாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டு ஆண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அபுதாகிர்தான் முதலில் பேசினார்.

"இன்னும் என்ன பாக்கி?"

"எல்லாம் பார்த்தாச்சு. ஸ்டியரிங், அச்சு, கியரு, இன்ஜின். எதுலயும் தப்பில்ல."

"எல்லாம் பார்த்தாச்சா?"

"ஆச்சு." பெத்தணசாமி கீழே கிடந்த ஸ்பேனரை எடுத்துத் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார். "வண்டியில தப்பு இல்லேன்னா என்ன மேஸ்திரி அர்த்தம்? ஊர் சொல்றதுதான் நெசம் போல. அவ வாய்தான் போல."

அபுதாகிர் எழுந்துவிட்டார். கிளம்பப் போகிறார் என்று பெத்தணசாமி நினைத்தார். அவர் கிளம்பவில்லை.

"ரெண்டு கண்ணாடிக் கிளாஸ் வேணும்ணே."

கொண்டுவந்து கொடுத்தார். அபுதாகிர் சட்டைப் பையிலிருந்து இரண்டு ரப்பர் கப்புகளை எடுத்தார். புதுசு. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. ஒவ்வொரு சக்கரத்துக்கு உள்ளேயும் விரல் நீளத்தில் ஒரு சிலிண்டர் இருக்கும். அதற்குள் இந்தக் கப்பு முன்னும் பின்னும் ஓடித்தான் பிரேக்கைத் தள்ளும், திரும்ப விடும். ஒரு கிளாஸில் பிரேக் ஆயில் ஊற்றி ஒன்றைப் போட்டார். இன்னொரு கிளாஸை அந்த அண்டாவில் முக்கி டீசல் எடுத்து, அதில் மற்றதைப் போட்டார். இரண்டையும் ஜீப்பின் பானட் மேல் வைத்தார்.

"அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும் இதைத் தொடாதீங்க."

"எதுக்கு மேஸ்திரி?"

அபுதாகிர் தன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

சனிக்கிழமை பெத்தணசாமி இரண்டு கிளாஸையும் எட்டிப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். திங்கட்கிழமை டீசல் கிளாஸைக் கையில் எடுத்து வெயிலில் தூக்கிப் பார்த்தார். செவ்வாய்க்கிழமையிலிருந்து அவர் பின்பக்கம் போகவில்லை. சாப்பாட்டுத் தட்டில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். "ஒடம்புக்கு என்ன மாமா?" என்று லோகமணி கேட்டாள். ஒன்றுமில்லை என்றார். அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டுச் சுக்குக் காப்பி போட்டுக்கொண்டு வந்தாள். அதைக் குடிக்காமல் ஓரமாக வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை அபுதாகிர் ஒரு புதுச் சிலிண்டரோடு வந்தார். பிரேக் ஆயிலில் கிடந்த கப்பை எடுத்து அவரிடம் கொடுத்தார்.

"உள்ள விடுங்க."

வழுக்கிக்கொண்டு போனது. அதை வெளியே தள்ளினார்.

"இப்ப அதை."

பெத்தணசாமி டீசலில் கிடந்ததை எடுத்தார். அது உப்பிப்போய் ஓரம் விரிந்து கொழகொழவென்று இருந்தது. சிலிண்டர் வாயில் வைத்தார்.

"போகல மேஸ்திரி."

"தள்ளுங்க."

"போகல."

"அழுத்தித் தள்ளுங்க. அன்னைக்கு எப்பிடித் தள்ளுனீங்க?"

அவர் அழுத்தினார். கட்டைவிரல் வெளுத்தது. கப்பு பிதுங்கிப் பிதுங்கி உள்ளே போய் இறுகிக்கொண்டது. திரும்ப இழுத்தால் வரவில்லை.

"முப்பது வருஷம் மலையில ஓட்டுனவரு நீங்க," என்றார் அபுதாகிர். "மிதிச்ச பிரேக் இப்பிடி விடாமப் பிடிச்சுக்கிச்சு. இப்ப இறக்கத்துல இறங்குங்க. என்ன ஆகும்?"

"சக்கரம் உரசும்."

"உரசுனா?"

"சூடேறும்."

"ஏறுனா?"

"உள்ள ஆயில் கொதிக்கும்."

"கொதிச்சா?"

பெத்தணசாமியின் உதடு மட்டும் அசைந்தது.

"சத்தமாச் சொல்லுங்கண்ணே."

"மிதிச்சா மிதி தரைக்குப் போயிரும். பிரேக்கே இருக்காது."

"ரெண்டு நாள் கழிச்சு ஒருத்தர் வந்து மிதிச்சா?"

"ஆறியிருக்கும். கல்லு மாதிரி நிக்கும்."

அபுதாகிர் ஜாக்கியை எடுத்து முன் சக்கரத்துக்குக் கொடுத்தார். வேறு எதுவும் செய்யவில்லை. போய்க் கல்லில் உட்கார்ந்துகொண்டார்.

பெத்தணசாமி சக்கரத்தைக் கழற்றினார். உள்ளே பிரேக் உரசுகிற ட்ரம்மை எடுத்தார். சூடு கண்டு நீலம் பாய்ந்த இரும்பு, மேலே துரு. சிலிண்டரைத் திறந்தார். கப்பு கையோடு வரவில்லை. குறட்டால் பிடித்துப் பிய்த்து எடுக்க வேண்டியிருந்தது. அவர் மூன்று வருஷத்துக்கு முன்னால், தூசி தும்பு இல்லாமல், தன் கையால் கழுவிப் போட்டது. மகன் ஓட்டுகிற வண்டி என்று ஒன்றுக்கு இரண்டு தடவை கழுவிப் போட்டது. அதுவும் அப்படித்தான் உப்பியிருந்தது. மற்றச் சக்கரங்களையும் பார்த்தார். அங்கேயும் அதேதான்.

தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுகை வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எம் புள்ள எப்பிடி மிதிச்சிருப்பான் மேஸ்திரி," என்றார். "அப்பா பார்த்த பிரேக்குன்னு நம்பித்தானே மிதிச்சிருப்பான்."

அபுதாகிர் தலையைக் குனிந்துகொண்டார்.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"முத வெள்ளிக்கிழமை. அண்டாவைப் பார்த்தப்ப."

"ஏழு மாசம்! ஏழு மாசமா ஏன் சொல்லல?"

"சொன்னேன். கடைசியாக் கை வச்ச இடத்துல ஆரம்பிங்கன்னு. நீங்க கேட்கல."

"கழுத்தைப் பிடிச்சுச் சொல்லியிருக்க வேண்டியதுதானே?"

"சொல்லியிருந்தா அபுதாகிர் சொன்னான்னு இருக்கும். பொய் சொல்றான்னு ஊர் பூராம் சொல்லிட்டு வந்திருப்பீங்க."

அது உண்மைதான். பெத்தணசாமிக்கும் அது தெரிந்தது.

காக்கை ஒன்று வந்து பானட் மேல் உட்கார்ந்து கிளாஸைக் கொத்திவிட்டுப் பறந்தது. அவர் உள்ளங்கையில் கிடந்த ரப்பர் துண்டுகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"மேஸ்திரி, இது நமக்கு ரெண்டு பேருக்கும்தான் தெரியும்."

"ஆமா."

"புதுக் கப்பு மாட்டிட்டு, இதைச் சாக்கடையில வீசிட்டா முடிஞ்சு போச்சு. ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது."

"வீசுங்க."

"நீங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்களே?"

"மாட்டேன்."

பெத்தணசாமி எழுந்தார். வீட்டுச் சுவரை ஒட்டிச் சாக்கடை ஓடியது. பத்தடி தூரம்தான். போய் அதன் ஓரத்தில் நின்றார். கையை ஓங்கினார்.

அப்போது லோகமணி வீட்டு மூலையில் வந்து நின்றாள். வழக்கம்போல அதற்கு மேல் வரவில்லை. வழக்கம்போலத்தான், பக்கத்தில் நிற்கிறவனுக்குக் கேட்குமோ கேட்காதோ என்கிற குரல்.

"மாமா, சோறு ஆறுது. மேஸ்திரி அண்ணனையும் சாப்பிடச் சொல்லுங்க."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஓங்கின கை இறங்கியது. பெத்தணசாமி திரும்பி வந்தார். ரப்பர் துண்டுகளை மறுபடி உள்ளங்கையில் விரித்துப் பார்த்தார். விரலை மடக்கிக்கொண்டார். அபுதாகிர் சாமான்களை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

"அத்தனை பேர் முன்னால நான் சொன்னேன் மேஸ்திரி. பொணத்தை வச்சுக்கிட்டுச் சொன்னேன்."

"தெரியும்."

"அவ அதை நம்பிட்டா. தான்தான் கொன்னோம்னு நம்பிக்கிட்டு எனக்குச் சோறு போடுறா."

"ம்."

"இதை அவகிட்டச் சொல்லிட்டா, அப்புறம் அவ என்னைய இந்த வீட்டுல வச்சிருப்பாளா?"

அபுதாகிர் பையின் வாயைக் கட்டினார்.

"வச்சிருக்க மாட்டா."

பெத்தணசாமி அவரையே பார்த்தார். வேறு ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தார்.

"இந்த வயசுல நான் எங்க போய்ப் படுப்பேன் மேஸ்திரி?"

அபுதாகிர் திரும்பி ஜீப்பைப் பார்த்தார்.

"பின்னால பெஞ்சு நீளமாத்தான் இருக்கு. ஒரு ஆள் தாராளமாப் படுக்கலாம்ணே."